தங்கச்சி போல்டு

இல்ல தம்பி, போனை வைக்கல. குக்கர் கத்துச்சு, அணைச்சுட்டு வந்தேன். நீங்க சொல்லுங்க. இல்ல, வேணாம், நீங்க சொன்னவரைக்கும் போதும். இனிமே நான் சொல்றேன்.

உங்களைக் குறை சொல்லல. எங்க அண்ணன் சோப்புக் கம்பெனிக்கு லேபிள் டிசைன் பண்றவர் நீங்க. என் கையெழுத்தைக் கம்ப்யூட்டர் ஃபாண்டா மாத்துனதும் நீங்கதான். இப்ப ஷாம்பு வரப்போகுது, அந்தப் பேரோட முதல் எழுத்தே ஃபாண்ட்ல இல்ல. அதனால ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ, இந்த அஞ்சையும் எழுதி, போட்டோ புடிச்சு நான் அனுப்பணும். கட்டம் போட்ட தாள் வந்துச்சு, பாத்தேன். புரியாம கத்தறேன்னு நெனைக்காதீங்க. புரிஞ்சுதான் கத்தறேன்.

அந்த அஞ்சு மட்டும் ஏன் இல்லன்னு ஒரு நிமிஷமாவது யோசிச்சீங்களா? மறந்துட்டேனா? நல்லாருக்கே. நீங்க ஃபாண்டு எடுத்தீங்களே, அந்தப் பழைய தாளை நான் சோப்புக்கு எழுதவே இல்ல தம்பி. அண்ணன் பொண்ணுக்கு எழுதுனேன், என் மருமகளுக்கு. அப்பதான் பள்ளிக்கூடத்துல சேந்திருந்தா. புத்தகத்துல இருக்கற எழுத்து வேணாம், அத்தை எழுத்துதான் வேணும்னு ஒரே அடம். தரையில குப்புறப் படுத்துக்கிட்டு இருநூத்தி நாப்பத்தேழையும் எழுதுனேன். ஙௌ-னு யாராவது எழுதுவாங்களா? எழுதுனேன். அவ பக்கத்துல உக்காந்து, அத்தை, இந்த எழுத்து மட்டும் ஏன் இவ்வளவு குண்டா இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. சின்னப் புள்ளைங்களுக்கு எடுத்த எடுப்புல ஜ, ஷ எல்லாம் சொல்லித்தர மாட்டாங்க. அதான் இல்ல. வேற காரணம் ஒண்ணுமில்ல.

அந்தக் குழந்தைக்கு எழுதுனதைத்தான் எடுத்துக் கடைகடையா அடுக்கி வெச்சிருக்கீங்க.

லேபிளுக்கு நான் எழுதுனது வேற. அந்தக் காலத்துல பின்கட்டு ரூம்ல நான் சோப்பு காய்ச்சுவேன், அண்ணன் கொண்டுபோய் விப்பான். அச்சுல போடலாம்னு அவன் மாதிரி எல்லாம் வாங்கிட்டு வந்தான். ஒரு எழுத்து தடிதடியா, வீடு வாடகைக்குன்னு போர்டு போட்ட மாதிரி. இன்னொண்ணு சுருண்டு சுருண்டு, கல்யாணப் பத்திரிகை தோத்துச்சு. மூணாவதுல ஸ்டைல் பண்றேன்னு புள்ளியையே முழுங்கிட்டாங்க, சோப்பு சோபபுன்னு நிக்குது. நான்தான் குடுறா இங்கன்னு பேனாவை வாங்கி எழுதுனேன். மக்களுக்குப் புடிச்சுப்போச்சு. அவசரமா எழுதுன டப்பால ஒரு மாதிரி இருக்கும், ஆற அமர எழுதுனதுல ஒரு மாதிரி இருக்கும். உங்க ஃபாண்ட்ல பாருங்க, பத்து க வந்தா பத்தும் அச்சடிச்ச மாதிரி ஒரே க. எந்த மனுஷிக்குத் தம்பி கை அப்படிப் போகும்?

அதுக்குப் பேர் வேற வெச்சிருக்கீங்களாம். தங்கச்சி. தங்கச்சி ரெகுலர், தங்கச்சி போல்டு. எனக்குத் தெரிஞ்சு இந்த வீட்டுல தங்கச்சி போல்டா பேசுனது இன்னிக்குத்தான். சாய்ஞ்ச எழுத்தும் இருக்காமே. அது சரி, சாய்ச்சுட்டீங்க.

சிரிக்காதீங்க. நான் விளையாடல.

ரோஜா சோப்பு டப்பா இப்ப என் முன்னாடிதான் இருக்கு. ரோ என்னுது. அடுத்து நிக்குதே ஜா, அது யாருது? வீட்டுல எல்லாரும் கசங்குன துணியோட இருக்கறப்ப, கஞ்சி போட்ட சட்டையோட ஒருத்தன் வந்து நடுவுல நிக்கற மாதிரி இருக்கு. அதைப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது, இது மிஷின் எழுதுனதுன்னு. அதுவரைக்கும் பழைய லேபிளைத்தான் நகல் எடுத்துப் போடறாங்கன்னு நெனச்சேன். யாரும் எங்கிட்ட கேக்கல தம்பி. அண்ணியும் ஒரு வார்த்தை சொல்லல.

அதுகூடப் போகட்டும். கீழ போட்டிருக்கற வரியைப் படிங்க. படிங்க, நான் கேக்கறேன். குழந்தைக்கும் போடலாம், என் கையால் செய்தது, அப்புறம் கீழ தங்கச்சின்னு கையெழுத்து. அதை நான் எழுதல. அந்த சோப்பை நான் செய்யவும் இல்ல, அந்தப் பக்கம் போயே ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. உள்ள என்ன கலக்கறாங்கன்னு ஆண்டவனுக்குத்தான் தெரியும். மாடி வீட்டுப் பொண்ணு கைக்குழந்தையைத் தூக்கிட்டு வந்து நின்னா. தொடையெல்லாம் செவந்து தோல் உரியுது. அக்கா, உங்க எழுத்தைப் பாத்துத்தானே வாங்குனேன்னு கேக்கறா. நான் என்ன பதில் சொல்ல? அது என் எழுத்துதான், ஆனா நான் எழுதலன்னா? கேக்கறவ என்னைப் பைத்தியம்னு நெனைக்க மாட்டாளா?

அந்த வரியை எடுன்னு அண்ணன்கிட்ட எத்தனையோ தடவை சொல்லிட்டேன். அந்த வரியாலதான் வியாபாரமே ஓடுதுங்கறான். நீங்களும் அதைத்தான் சொல்றீங்க, வேற வார்த்தையில. கையெழுத்துன்னா ஜனங்களுக்கு நம்பிக்கை வரும், வீட்டுல செஞ்ச மாதிரி ஒரு உணர்வு வரும். வரும் தம்பி. வரணும்னுதானே திருடறது.

சரி, அந்த வார்த்தை உங்களுக்கு இல்ல. உங்களுக்குத் தெரியாதுன்னு நம்பறேன். என்ன சொன்னான் உங்ககிட்ட? தங்கச்சி ஓய்வெடுக்கறா, அவளே ஆசைப்பட்டுக் குடுத்தான்னா? ஓய்வா. ரொம்ப நல்ல வார்த்தை.

அஞ்சு எழுத்துதானே, அஞ்சு நிமிஷ வேலைதானேன்னு மறுபடியும் சொல்றீங்க பாருங்க. எனக்கு அஞ்சு நிமிஷம்கூட வேணாம் அப்பல்லாம். வீம்புக்கு மாட்டேங்கறேன்னு நெனச்சுக்கிட்டீங்களா? வலது கை வெந்துபோச்சு தம்பி. காஸ்டிக் சோடா பேரல், மூடி சரியில்ல, கையுறை வாங்கிக் குடுன்னு அண்ணன்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தேன், பாக்கலாம் பாக்கலாம்னான், ஒருநாள் கையில கொட்டிருச்சு. மூணு விரல் ஒண்ணா ஒட்டிக்கிச்சு. பேனா நிக்காது. நான் கட்டோட ஆஸ்பத்திரியில கெடந்தப்பதான் பீரோவுல இருந்து அந்தத் தாளை எடுத்துட்டு உங்ககிட்ட வந்திருக்கான். இனிமே எழுத வராதுன்னு டாக்டர் எங்கிட்ட சொன்னது அதுக்கப்புறம்தான்.

மன்னிப்பா? நீங்க எதுக்குத் தம்பி கேக்கணும்?

அப்படியெல்லாம் பேசாதீங்க, நீங்க என்ன பண்ணுவீங்க. அந்த வரியை மட்டும் எடுத்துடுங்க. ஷாம்புக்கு வேணும்னா அண்ணனையே எழுதச் சொல்லுங்க. அவனுக்கு அஞ்சு விரலும் நல்லாத்தான் இருக்கு.