மூன்று துண்டு வந்தால் நடவடிக்கை

தேத்தண்ணி ஆற முதல் குடியுங்கள், மர்லியா பிள்ளை. சீனி காணாவிட்டால் சொல்லுங்கள். குறை சொல்கிறவர்களை நான் ஒருநாளும் பிழையாக நினைத்ததில்லை.

கீழே இருந்த இடியப்பக் கடை ஏன் மூடப்பட்டது என்று உங்கள் முகாமைத்துவ வகுப்புக்குக் கட்டுரை எழுதுவதாகச் சொன்னீர்கள். வெள்ளவத்தையில் இந்த ஒழுங்கைக்குள் என்னைவிட விபரமாகச் சொல்ல ஆள் இல்லை. இந்த மாடி விறாந்தையில் இருந்தால் கடை வாசல் முழுவதும் தெரியும். நான் எட்டிப் பார்க்கிறவள் அல்ல. கதிரை இங்கே கிடக்கிறது, அவ்வளவுதான்.

கடை முதலாளி ஸ்ரீஸ்கந்தராசா நல்ல மனுசன். தொண்ணூற்றாறாம் ஆண்டு கொள்ளுப்பிட்டியில் ஒரு பின்னேர வகுப்புக்குப் போகத் தொடங்கினார். முகாமையாளரின் கதவு எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று அங்கே படிப்பித்தார்களாம். இவர் அடுத்த நாளே தச்சனைக் கூட்டிவந்து தன் அறைக் கதவைக் கழற்றிச் சுவரோடு சாத்தி வைத்தார். முதல் கிழமை பூனை மட்டும்தான் உள்ளே போய் வந்தது.

பிறகு ஆலோசனைப் பெட்டி வந்தது. பெயர் எழுதத் தேவையில்லை. சனிக்கிழமை பெட்டியைத் திறந்து கடதாசித் துண்டுகளைப் பலகையில் குத்தி வைப்பார். ஒரே விசயத்தைப் பற்றி மூன்று துண்டு வந்தால் நடவடிக்கை.

"அக்கா, இனி வாடிக்கையாளர்தான் எங்கட முதலாளி. நாங்கள் வெறும் ஊழியர்," என்று என்னிடம் சொன்னார்.

பெயரில்லாமல் எழுதுவதற்கு எங்கள் பக்கத்தில் மொட்டைக் கடதாசி என்று பெயர். அதனால் குழம்பிய கலியாணங்கள் எத்தனையோ எனக்குத் தெரியும். கொள்ளுப்பிட்டியில் அதையே ஆலோசனை என்கிறார்கள். படித்தவர்கள் பிழையாகவா சொல்வார்கள்.

முதலில் விடியற்காலைக் கிரைண்டர் சத்தத்தைப் பற்றி எழுதினேன். ஒரு துண்டு வலது கையால் நீல மையில், ஒன்று இடது கையால் பென்சிலில், மற்றது கொட்டை எழுத்தில். அடுத்த திங்கட்கிழமை கிரைண்டர் பின்வளவுக்குப் போய்விட்டது. கந்தோரில் முப்பத்திரண்டு வருசம் எழுதுவினைஞராக இருந்தேன் பிள்ளை. என் சொல்லுக்கு ஒரு கதிரைகூட இடம் மாறியதில்லை.

அதற்குப் பிறகுதான் இராமலெட்சுமியின் விசயம் வருகிறது. கடைக்கு அவள்தான் மேற்பார்வை. இடியப்பம் அவள் கையில்தான் பஞ்சாக வரும். பதினொரு வருசமாகப் பின்னேரங்களில் நான் கயிற்றில் கூடை இறக்குவேன். கூடைக்குள் தினக்கலண்டர் தாளின் பின்பக்கத்தில் 'இடியப்பம் பத்து, சொதி, சம்பல் உறைப்புக் குறைய' என்று எழுதி வைப்பேன். அவள் கட்டி வைத்துவிட்டுக் கயிற்றை ஒருக்கால் இழுப்பாள். பதினொரு வருசத்தில் அவள் எனக்குச் சொன்ன செய்தி அந்த இழுவை மட்டும்தான்.

ஒவ்வொரு புதன்கிழமையும் ஒரு மணிக்கு அடுக்குச் சட்டியும் சுடுதண்ணிப் போத்தலுமாகக் கிளம்புவாள். ஒருநாள் பின்னால் போய்ப் பார்த்தேன், நடந்தால் காலுக்கு நல்லது என்பதால். காலி வீதியைக் கடந்து களுபோவில பஸ்ஸில் ஏறினாள். மறுநாள் கேட்டேன்.

"சும்மாதாம்மா. இங்கனதான்," என்றாள்.

களுபோவில என்ன இங்கனயா. அங்கே பெரியாஸ்பத்திரி இருக்கிறதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போவதுதானே வழக்கம்.

தகவல் தடையில்லாமல் ஓடினால்தான் நிறுவனம் உயிரோடிருக்கும் என்று ஸ்ரீஸ்கந்தராசா கடைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். தடை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. மூன்று துண்டு எழுதினேன். 'புதன் மத்தியானம் மேற்பார்வையாளர் கடையில் இல்லை. வாடிக்கையாளருக்கு மரியாதை இல்லை.' முதலாளி கேட்பார், அவள் சொல்வாள், படியில் நிற்கிற எனக்கும் கேட்கும். நான் போட்ட கணக்கு அவ்வளவுதான். ஒருவருக்கும் கெடுதி நினைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அறைக்குள் பேச்சு நடந்தது. கதவில்லாததால் ஒரு சொல்லும் தவறவில்லை.

"புதன்கிழமை எங்க போறனீர் எண்டு ஒருக்கால் சொல்லும். காரணம் இருந்தா லீவு தரலாம்."

"கதவ மாட்டிட்டுக் கேளுங்கய்யா, சொல்றேன். இப்ப சொன்னா மாடி வரைக்கும் கேக்கும்."

"கதவு பூட்ட ஏலாது பிள்ளை. அது எங்கட கொள்கை."

"அப்ப நான் வேலைய விட்டு நின்னுக்கிறேங்கய்யா."

அவர் சுவரில் சாத்தியிருந்த கதவைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு, "மூண்டு துண்டு வந்திட்டுது, நான் என்ன செய்ய," என்றார்.

அன்று பின்னேரம் வழக்கம்போலக் கூடையை இறக்கினேன். கயிறு இழுபட்டது. தூக்கிப் பார்த்தால் இடியப்பத்துக்கு மேல் பலகையில் குத்தியிருந்த மூன்று துண்டுகளும் இருந்தன. திருப்பிப் போட்டிருந்தாள். என் தினக்கலண்டரின் பதினாலாம் திகதி, பதினைந்து, பதினாறு. எழுத்தை மாற்றினேனே தவிர, தாளை மாற்ற எனக்குத் தோன்றவில்லை.

அவள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இனிமே வேற தாள்ல எழுதுங்கம்மா. ஐயா என்னைக்காவது திருப்பிப் பார்த்தா உங்களுக்குத்தான் சங்கடம்."

கிரைண்டர் துண்டுகளும் இதே தாள்தான்; அப்போதிலிருந்தே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. வேலை போகிற நேரத்திலும் விடவில்லை. அவ்வளவு முக்கியமான தகவலை முதலாளியிடம் மறைக்கிற ஒருத்தியை வைத்து எந்த நிறுவனம் உருப்படும், நீங்களே சொல்லுங்கள்.

அவளுக்குப் பிறகு வந்தவளின் இடியப்பம் கல்லுப் போல இருந்தது. அதையும் மூன்று துண்டு எழுதித்தான் தெரிவித்தேன், வேறு தாளில். எட்டு மாதத்தில் கடையை மூடினார்கள். கதவை மட்டும் அன்றைக்குத் திரும்ப மாட்டினார்கள், சாமான் வைத்துப் பூட்டுவதற்கு.

ஆகவே எழுதுங்கள் பிள்ளை: துண்டுகள் அத்தனையும் எழுதியது நான்தான். நேசமலர் என்று பெயரோடேயே போடுங்கள், எனக்கு ஒளிப்பு மறைப்புக் கிடையாது. கட்டுரைக்காக இராமலெட்சுமியையும் தேடிப் போவீர்கள்தானே. போனால், கெட்டிக்காரப் பிள்ளையல்லவா, அந்தப் புதன்கிழமை விசயத்தை மட்டும் ஒருக்கால் கேட்டுக்கொண்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்.