பழைய பதிப்பின் ஆயுள்

இலவசமாகக் கொடுக்கும் பொருளுக்குத்தான் தம்பி, குறை அதிகம் வரும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள்.

நான் எழுதியது சின்ன மென்பொருள். நரம்பில் மருந்து ஏற்றும் மெஷினுக்கு, எவ்வளவு வேகத்தில் ஏற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் வைத்தேன். பிறகு அதைவிட நல்லதாகப் புதிய பதிப்பு எழுதினேன். பெரிய ஆஸ்பத்திரிகள் எல்லாம் மாறிவிட்டன. மாறாதவன் ஒருவன்தான். ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மெஷின் பார்க்கும் மெக்கானிக். நீங்கள் விசாரிக்கப் பக்கத்து அறையில் உட்காரவைத்திருக்கிறீர்களே, அவன்.

எங்கள் மெஷின் பழசு, புதியதை ஏற்காது, பழையதிலேயே இந்தக் கோளாறைச் சரிசெய்து கொடுங்கள் என்று போன் செய்வான். சோற்றை ஆறவிட்டு உட்கார்ந்து செய்துகொடுப்பேன். என் கணவர் சிரிப்பார். "ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்கலாம்தான். நீ ஊட்டுற பிள்ளைக்கு மீசையே முளைச்சிருச்சு."

கடைசியில், பழைய பதிப்பின் ஆயுள் முடிந்தது என்று அறிவித்தேன். இனி பராமரிக்க மாட்டோம் என்பதை எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். உடனே போன் வந்தது.

"யாரோட ஆயுள்க்கா? இங்க தீவிர சிகிச்சையில இருக்கிறவங்களுக்கு மருந்து நின்னா நாடி நின்னுடும். புது மெஷின் வாங்க எங்க நிர்வாகத்துக்கு வக்கில்ல. கைவிட்டுடாதீங்க."

கைவிடவில்லை. கசக்கும் என்று பிள்ளைக்கு மருந்து கொடுக்காமல் இருப்போமா? கடைசியாக ஒரு திருத்தம் அனுப்பினேன். அவன் கேட்ட கோளாறைச் சரிசெய்துதான் அனுப்பினேன், அதில் பொய் இல்லை. கூடவே இரண்டு வரி சேர்த்தேன். அனுப்பிய மாதம் கழிந்தபின் மெஷின் ஒருமுறை அணைந்து எழுந்தால், மருந்து ஏற்றாது. 'ஆயுள் முடிந்தது' என்று மட்டும் திரையில் காட்டும். நீங்க தெய்வம்க்கா என்றான். அந்தத் திருத்தத்தை எல்லா மெஷினிலும் தன் கையாலேயே ஏற்றினான்.

ஒரு மத்தியானம் மின்சாரம் போய் வந்தது. பேட்டரி செத்த மெஷின்கள் அணைந்து எழுந்தன. நர்ஸ் திரையைப் படித்தாள். மெஷின் நோயாளியைத்தான் சொல்கிறது என்று நினைத்துவிட்டாள், பாவம். நெஞ்சை அமுக்க ஓடினாள். டாக்டரும் நோயாளியைத்தான் பார்த்தார். மருந்து இறங்காமல் நிற்பதை யாரும் பார்க்கவில்லை. இரண்டு பேர் போய்விட்டார்கள். சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் நான் என்ன செய்வது?

மின்சாரம் போகும் என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும். அங்கே அடிக்கடி போகும் என்று அவனே புலம்பியிருக்கிறான். அந்தப் பேட்டரிகளைப் பற்றியும் சொல்லியிருக்கிறான். போகாவிட்டால், பழசை விடவேண்டும் என்று அந்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு எப்படித்தான் புரியும்?

அவன்மேல் குற்றமில்லை தம்பி. அந்த இரண்டு வரியை எழுதியது நான், என்ன ஆகும் என்று தெரிந்தே எழுதினேன். குறித்துக்கொள்ளுங்கள். அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பும்போது, மறக்காமல் புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளச் சொல்லுங்கள். இனிமேல் கேட்பான், நல்ல பிள்ளை.