கவிழ்ந்த டப்பி

நாகலூரிலிருந்து ஏற்காடு போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள், மலை ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் எக்ஸ்ரே மிஷினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இனி டெஸ்ட்டுக்குச் சளி டப்பி தூக்கிட்டு அலைய வேண்டாங்கக்கா. ஆளே போயி நின்னாப் போதுமாமுங்க," என்றாள் இளையவள்.

"எங்கூட்டுக்காரரு டப்பி இதே பஸ்ஸுலதான் கவுந்துருச்சு கண்ணு. வெறுங்கையோட போனாத் திட்டுவாங்கன்னு நானே துப்பிக் குடுத்துட்டேன்."

"ஐயோ! அவருகிட்டச் சொன்னீங்களா?"

"எப்படிச் சொல்றது? டி.பி. இல்லைன்னு சீட்டு வந்துச்சு. மருந்தே குடுக்கல. நொம்பச் சந்தோசம் அவருக்கு. சாகற வரைக்கும் அந்தச் சீட்டச் சட்டைப் பையிலயே வெச்சிருந்தாரு."

வளைவில் பஸ் குலுங்கியது. மூத்தவர் வெறும் மடியை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.