ஏசுபாதம் வீட்டு மாடிச் சுவரு

இல்ல மேஸ்திரி, இவ்ளோ குள்ளமா வேணாம். இடுப்புக்கு மேல வரணும். பிட்டகோட, மாடி கைப்பிடிச் சுவருன்னா அழகுக்கு ரெண்டு வரிச கல்லு வச்சிட்டு போறதா? ஆளு சாஞ்சா தாங்கணும். அய்ய, அவ்ளோ ஓரமா நிக்காத, உள்ள வா. உனக்கு பழக்கம்தான், என்னால பாக்க முடியல.

இது என் தம்பி வீடு. ஏசுபாதம், பாஸ்டரு. சித்தூர்ல அவன தெரியாதவங்க இல்ல. நீ காணிப்பாக்கம், உனக்கு தெரியாது. கீழ சபை, நடுவுல குடித்தனம், இது மொட்ட மாடி. சுவரு மட்டும் வைக்கல. இன்னொரு மாடி எடுக்கறப்போ சேத்து வச்சிக்கலாம்னான்.

போன கிறிஸ்மஸ்க்கு எங்க ஊட்டுக்காரரு இங்கதான் ஸ்டாரு கட்ட ஏறுனாரு. வேதாச்சலம்னு பேரு, ஆட்டோ ஓட்டிகினு இருந்தாரு. மாமா, நீதான் வந்து கட்டணும்னு தம்பிதான் கூப்ட்டான். நான் கீழ நின்னு அண்ணாந்து பாத்துகினு இருந்தேன். நேரா கீதான்னு பாக்க பின்னால ஒரு அடி வச்சாரு. அவ்ளோதான்.

ஆமாப்பா, அப்பவே போயிட்டாரு.

தம்பி இன்னா தள்ளியா உட்டான்? இல்ல. மாமான்னா அவனுக்கு உயிரு. ஆஸ்பத்திரி செவுத்துல தலைய முட்டிகினு அழுதான். அன்னிக்கி அவன்மேல எனக்கு துளி கோவம் இல்ல.

மறுநாளு போலீசு வந்தாங்க. சுவரு இல்லாத மாடியில எதுக்கு ஏத்துனீங்கன்னு கேட்டாங்க. என் எதிர்லயே சொல்றான் மேஸ்திரி, மாமா கொஞ்சம் குடிச்சிருந்தாரு சார்னு.

குடிச்சாரா? குடிய உட்டு வருசக்கணக்காச்சு. தண்ணியில முக்கி ஞானஸ்நானம் குடுத்தவனே இவன்தான். பயந்துட்டான், கேசு வந்துடும்னு. எனக்கு புரியுது. ஆனா அந்த பேச்சு சபை முழுக்க போயிடுச்சு. அடக்கத்துக்கு வந்தவங்க குடிகாரன் பொண்டாட்டிய பாக்கறா மாரி என்ன பாத்தாங்க. அத்தன பேரு எதிர்ல கூடப்பொறந்தவன பொய்யன்னு எப்டி சொல்றது?

அப்பால ஜெபம் பண்ண வந்தான். தேவ சித்தம்க்கான்னான். எனக்கு படிக்க வராது, ஆனா காது கேக்கும். சபையில கீற கமலம்மாவோட புது வீட்டு ஜெபத்துல இவனே வேதத்துலருந்து படிச்சான். வீடு கட்டுனா மாடிக்கு சுவரு வை, எவனாச்சும் விழுந்தா அந்த ரத்தப்பழி உன் வீட்டு மேலன்னு மோசேக்கு குடுத்த சட்டம். வேணும்னு பண்ணியா, தெரியாம பண்ணியான்னே அதுல கேள்வி இல்ல. வைக்காம உட்டல்ல, பழி உன்துதான். அத்த அவன்கிட்டயே சொன்னேன்.

இன்னா சொன்னான்னா கேக்கற? அது அந்த காலத்து சட்டம்க்கா, நாம இப்ப கிருபையில கீறோம்னான்.

என் தப்புதான், மாமா குடிக்கலன்னு சபையில நீ ஒரு வார்த்த சொல்லுடா, போதும்னேன். தலைய குனிஞ்சிகினு எழுந்து போனான். அன்னிலருந்து எனக்கும் அவனுக்கும் பேச்சில்ல.

ஏன் கையி நின்னுபோச்சி? கலவ காஞ்சிடப் போவுது. தம்பிக்கு தெரியுமான்னா... தெரியாது. குடும்பத்தோட திருப்பதி போயிருக்காங்க. செடிக்கு தண்ணி ஊத்தச் சொல்லி அவன் பொண்டாட்டி சாவி குடுத்தா. கத்துனா நான் பாத்துக்கறேன், உன்ன ஒண்ணும் சொல்லமாட்டான். கூலி நான்தான் தரேன், அவரு ஆட்டோவ வித்துட்டேன்.

மன்னிச்சிட்டேனா? அதெல்லாம் இல்லப்பா. நீ தெருப்பக்கத்த மொதல்ல எடு. சாயந்திரம் வந்துடுவாங்க, மஞ்சுவ கூட்டிகினு. தம்பி பொண்ணு, திருப்பதியில குடுத்திருக்கு. அவ கொழந்த இப்பதான் நடக்க ஆரம்பிச்சிருக்குதாம். ஒரு எடத்துல நிக்கறதில்லயாம், படியக் கண்டா ஏறுதாம்.