பக்கத்துக் காம்பரா

அந்தச் சுவரில் சாயாதீர்கள், தம்பி. மழைக்காலத்தில் சுண்ணாம்பு சட்டையில் ஒட்டிக்கொள்ளும். கந்தப்பனைப் பற்றிக் கேட்கத் தொழிற்சங்கத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். ஒளிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

என் தகப்பனார் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. நானும் கங்காணி. ஆனாலும் இந்த லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கும் மற்றவர்களைப் போல ஒரே அறை, ஒற்றைக் காம்பராதான். மகன் முத்துலிங்கத்துக்கு வட்டகொடையில் பெண் எடுத்தேன். குறுக்கே ஒரு சேலையைக் கட்டி, அந்தப் பக்கம் மகனும் மருமகளும், இந்தப் பக்கம் நானும் மனைவி வீரம்மாவும் படுத்தோம். மருமகள் இருமலைக்கூட அடக்கிக்கொள்வாள். ஆடிக்கு அழைத்துப் போன சம்பந்தி இராமையா அவளைத் திருப்பி அனுப்பவில்லை. ஆவணியில் நானே அழைக்கப் போனேன். நாலு பேர் முன்னால் அவர் கேட்டார்:

"ஏன் சம்பந்தி, எம்மக மாமனார் கொறட்டைக்குத் தாளம் போட்டுக்கிட்டேதான் புள்ள பெக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினேன்.

மகன் வேலை முடிந்து வந்து, சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொள்வான். வீரம்மா வீட்டிலிருந்த கயிறுகளையெல்லாம் ஒளித்துவைத்தாள்.

பின்பக்கம் ஓர் அறை இறக்கிக்கொள்ளத் தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி கேட்டேன். தகரமும் பலகையும் என் பொறுப்பு. லயத்தில் ஒரு கல்லைக்கூடக் கூட்டக் கூடாது என்பது தோட்டத்துச் சட்டம். எனக்கு மட்டும் விலக்குத் தாருங்கள் என்று அவர் வாசலில் திரும்பத் திரும்பப் போய் நின்றேன். என் தகப்பனார் நின்றிருக்கமாட்டார். கடைசியில் துரை சொன்னார்:

"ஒனக்குக் குடுத்தா எல்லா ஆளும் கேக்கும், கங்காணி. பக்கத்துக் காம்பரா காலியானா சொல்லு. செவத்த ஒடச்சிக் கதவு வச்சிக்கலாம்."

பக்கத்தில் கந்தப்பன். தாய் காளியாயி செத்த பிறகு தனி ஆள். நல்ல பிள்ளை, அதை நான் மறுக்கவில்லை. விஷயம் கேள்விப்பட்டு அவனே வந்தான்.

"பெரியப்பா, தம்பியும் அது பொஞ்சாதியும் நம்ம காம்பராவுல இருக்கட்டும். நான் கொழுந்து நிறுக்குற மடுவத்துல படுத்துக்கிறேன். அந்த வாசத்துக்கு நல்லா தூக்கம் வரும்."

கங்காணி மருமகள் இன்னொருவன் தயவில் குடித்தனம் நடத்துவதா? அதற்கும் வட்டகொடையில் சிரிப்பார்கள். வேண்டாமென்றேன். துரை எனக்குக் கொடுத்த அறையாக அது இருக்க வேண்டும். அதற்கு அது காலியாக வேண்டும்.

தலவாக்கலைக்குப் போய்ப் பொலிசில் ஒரே ஒரு சொல் சொன்னேன்: கள்ளத்தோணி. இந்தியாவிலிருந்து களவாக வள்ளமேறி வந்தவர்களை அவர்கள் லயம் லயமாகத் தேடிக்கொண்டிருந்த நேரம். அதற்கு மேல் விளக்கத் தேவையிருக்கவில்லை.

வந்தார்கள். கந்தப்பனிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. லயத்தில் பாதிப் பேரிடம் இல்லை. இங்கே கங்காணியின் வாக்குத்தான் பத்திரம். அவனை என் முன்னால் நிறுத்தி, இந்த ஆளைத் தெரியுமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"தெரியாதுங்க" என்றேன்.

கந்தப்பன் சிரித்துவிட்டான். "வெளையாடாதீங்க பெரியப்பா. இவங்களுக்கு வெளையாட்டு வெளங்காது."

ஜீப்பில் ஏற்றும்வரை, நான் அடுத்து என்ன சொல்வேன் என்று சிரித்த முகத்துடன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவன் அந்தக் காம்பராவில்தான் பிறந்தான். தொப்புள்கொடி அறுத்தவள் என் வீரம்மா. ஜீப் போன நாளிலிருந்து அவள் என்னுடன் பேசுவதில்லை. வயதானால் பெண்கள் அப்படித்தான்.

சுவரை உடைத்தோம். மருமகள் வந்துவிட்டாள். இப்போது முழுகாமல் இருக்கிறாள்.

கந்தப்பனைக் கொழும்பு முகாமில் வைத்திருக்கிறார்கள், சீக்கிரம் கப்பலேற்றிவிடுவார்கள், நான் வந்து அவனைத் தெரியுமென்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்கிறீர்கள். அவன் இந்தியாவைக் கண்ணால் கண்டவனல்ல. அங்கே அவனுக்கு ஒருவரும் இல்லை. அது உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். காம்பரா போய்விடுமென்று நான் தயங்குவதாக நினைக்க வேண்டாம். தெரியாதென்று சொல்லியாகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல்லை மாற்றிப் பேசியவர் கிடையாது.