சுழற்கோப்பையும் மூன்றாம் தரப் பழங்களும்

முதலில் ஒரு மன்னிப்பு. பேசத் தெரிந்தவர்கள் நிற்க வேண்டிய இடத்தில் நான் வந்து நிற்கிறேன். இந்தக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இதுவரை நான் சத்தமாகச் சொன்ன மிக நீண்ட வாக்கியம், "அந்தக் குழாயை மூடிட்டீங்களா?" என்பதுதான். அதனால் குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோடை விடுமுறை விருந்துக்குத் தலைமை ஏற்று, வெயிலையும் எங்களையும் ஒரே புன்னகையோடு பொறுத்துக்கொண்டிருக்கும் தலைமை ஆய்வாளர் அம்மா அவர்களே, ஓய்வு பெற்றும் எங்களை விட்டு ஒதுங்காத பெரியவர்களே, ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் பாத்திரமுமாக வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தண்ணீரின் தரத்தைத் தினந்தோறும் தளராமல் தேடும் தோழர்களே, தோழியரே, வாசலில் நாற்காலி இருந்தும் உட்காராத காவலாளி அண்ணே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்னும் ஒருவர் பாக்கி. அதோ, தோட்டத்தின் கடைசியில், கரி அடுப்புக்கு விசிறிக்கொண்டு நிற்கிறாரே, பழக்கூடை கொண்டுவந்தவர், அவர். அவரை இந்த இடத்தில் எப்படி விளிப்பது என்பதில்தான் ஒரு வருடமாக என் தூக்கம் கெட்டிருக்கிறது. அவருக்கும் வணக்கம். விளிக்க வேண்டிய சொல்லைப் பின்னால் சொல்கிறேன்.

என்ன? கேட்கவில்லையா? சரி, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் வருகிறேன். இப்போது?

அறிவிப்புப் பலகையில் என் தலைப்பைப் பார்த்திருப்பீர்கள்: "கோடை விருந்துக்கு எளிய பழ இனிப்புகள்." சென்ற ஆண்டு இனிப்புப் போட்டியில் சுழற்கோப்பை வென்றவர் இந்த ஆண்டு அதைத் திருப்பித் தரும்போது பத்து நிமிடம் பேச வேண்டும் என்பது இங்கே வழக்கம். குறிப்பெடுக்கக் காகிதம் கொண்டுவந்திருக்கும் அக்காமார்களே, உங்களை ஏமாற்ற மாட்டேன். செய்முறை வரும். ஆனால் செய்முறைக்கு முன்னால் செய்தது யார் என்று சொல்ல வேண்டாமா? சுவைத்த நீங்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? கோப்பையை வாங்கியவள் உண்மையைக் கக்க வேண்டாமா?

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். தேநீர் வேளை. பண்டகசாலை அண்ணன் அன்பாகத்தான் கேட்டார், "அப்பா என்ன பண்றாரும்மா?" என்று.

"பழம்..." என்றேன். நாக்கு அங்கேயே நின்றிருக்கலாம். "...வியாபாரம்" என்று சேர்த்துக்கொண்டது.

"பெரிய அளவிலயா? வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்புறாரா?"

நான் சிரித்தேன். ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அன்று மாலைக்குள் நான் பழ ஏற்றுமதியாளரின் மகளாகிவிட்டேன். அண்ணே, நீங்கள் தலையைக் குனியாதீர்கள். நீங்கள் கேட்டீர்கள், அவ்வளவுதான். சிரித்தது நான்.

உண்மையில் என் அப்பாவின் வேலை என்ன? பழ மண்டியில் தரம் பிரிப்பது. பெட்டி பெட்டியாக இறங்கும் பழங்களைக் காம்பருகே கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, ஒருமுறை முகர்ந்து, மூன்று குவியலாகப் போடுவார். முதல் தரம் லாரி ஏறித் தொலைதூரம் போகும். இரண்டாம் தரம் உள்ளூர்க் கடைகளுக்குப் போகும். புள்ளி விழுந்தது, கன்றிப்போனது, தொட்டால் குழைவது எல்லாம் மூன்றாம் தரம். அது எங்கள் வீட்டுக்கு வரும். புள்ளி இல்லாத வாழைப்பழத்தை நான் முதன்முதலில் தின்றது கல்லூரி விடுதியில். எங்கள் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவள் நான். அந்தப் பழம் சப்பென்று இருந்தது. ஆனால் அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "நல்லா இருக்கு" என்றேன். அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது இந்த வியாதி.

சென்ற ஆண்டு விருந்துக்குப் பட்டியல் போட்டபோது, "பழ இனிப்பு உங்க பொறுப்பு, உங்க வீட்டுல இல்லாத பழமா?" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னீர்கள். நினைவிருக்கிறதா? வீட்டில் போய் அப்பாவிடம் நான் சொன்னது வேறு.

"ஆபீஸ் ஆளுங்க மட்டும்தான்ப்பா. வீட்டு ஆளுங்க யாரும் வர மாட்டாங்க."

"அப்படியா? சரிம்மா பொடிசு. பழம் எவ்வளவு வேணும்?"

பொடிசு என்பது நான்தான். இந்த உயரத்தைப் பார்த்தால் காரணம் கேட்க மாட்டீர்கள்.

"வேணாம்ப்பா, நான் கடையிலயே வாங்கிக்கறேன்" என்றேன்.

தரம் பிரிப்பவரின் மகள், கண்ணாடிக் கதவு போட்ட கடையில் போய், ஸ்டிக்கர் ஒட்டிய பழங்களாகப் பார்த்துப் பொறுக்கினேன். கல் மாதிரி மாம்பழம், கல் மாதிரி அன்னாசி. முதல் தரம் அல்லவா? முந்தின நாள் மாலையே எல்லாவற்றையும் நறுக்கிச் சர்க்கரை தூவிக் கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கினேன். ஓர் அடுக்கு பழம், ஓர் அடுக்கு பாலேடு, ஓர் அடுக்கு கேக். உச்சியில் ஒரு முழு ஆப்பிள். அதில் இருந்த ஸ்டிக்கரை உரிக்கவில்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெயிலில் ஒரு மணி நேரம். அக்காமார்களே, இதை எழுதிக்கொள்ளுங்கள்: நறுக்கிய பழத்தில் சர்க்கரையை முன்கூட்டியே தூவினால் தண்ணீர் விடும். கேக் ஊறிப்போனது, பாலேடு பிரிந்தது, ஆப்பிள் மிதந்தது. பண்டகசாலை அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார்.

"இது இனிப்பாம்மா, சாம்பிளா? பாட்டில்ல ஊத்தி டெஸ்டுக்கு அனுப்பிடலாமா?"

சிரியுங்கள், பரவாயில்லை. சிரிக்க வேண்டிய இடம்தான் இது. இதற்குப் பிறகு அதிகம் இல்லை.

அந்த நேரத்தில்தான் அவர் வந்தார். அறுபது பேர் சாப்பிட வேண்டுமே, மகள் வாங்கிய பழம் போதாமல் போய்விட்டால் என்ன செய்வாள் என்று கவலைப்பட்டு, ஈரத்துணி போர்த்திய கூடையைத் தலையில் சுமந்து வந்தார். கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கிற சட்டையைப் போட்டிருந்தார். வாசலில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தாராம். காவலாளி அண்ணன், "உள்ளயே போங்க, பொண்ணு அங்கதான் இருக்கு" என்று அனுப்பிவிட்டார்.

உள்ளே வந்தவர் கண்ணில் என்ன பட்டிருக்கும்? உங்கள் பிள்ளைகள் பட்டிருப்பார்கள். உங்கள் அம்மாக்கள் பட்டிருப்பார்கள். நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்த உங்கள் அப்பாக்கள் பட்டிருப்பார்கள். வீட்டு ஆட்கள் யாரும் வர மாட்டார்கள் என்று நான் சொன்னது ஏன் என்று அந்த ஒரு பார்வையில் அவருக்கு விளங்கியிருக்கும்.

தலைமை ஆய்வாளர் அம்மா கேட்டார்கள், "யாரும்மா இவங்க?"

நான் சொன்னேன், "மண்டியில வேலை பார்க்கிறவர்."

அவையோரே, அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மண்டியில்தான் வேலை பார்க்கிறார். பொய் சொல்லியிருந்தாலாவது ஒருநாள் பிடிபட்டுத் தண்டனை வாங்கியிருப்பேன். உண்மையைக் கொண்டே அவரை மறைத்தேன். அதனால் யாரும் பிடிக்கவில்லை.

அவர் என்ன செய்தார்? கோபப்பட்டாரா? முகம் வாடினாரா? திரும்பிப் போனாரா? கூடையைத் தலையிலிருந்து இறக்கினார். துண்டால் முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்:

"எங்க வைக்கட்டும் மேடம்?"

கொஞ்சம் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

கிண்ணத்தில் மிதந்துகொண்டிருந்த ஆப்பிளை அவர் பார்த்தார். "அங்க அடுப்புல கொஞ்சம் கரி மிச்சம் இருக்கு மேடம். நாலு பழம் சுட்டுத் தரட்டுங்களா?" என்றார். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே பார்த்தீர்கள். கரி கனன்றது, கம்பி காய்ந்தது, கனி கசிந்தது, காற்றெல்லாம் இனித்தது. ஊஞ்சலில் இருந்த பிள்ளைகள் ஊஞ்சலை விட்டு வந்தார்கள். சீட்டாடியவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிட்டு வந்தார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள், வாக்குக் கொடுத்த செய்முறை இதுதான். வாழைப்பழம், தோலில் கறுப்புப் புள்ளி விழுந்ததாக இருக்க வேண்டும். உரிக்கக் கூடாது. தோலோடு நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, கீறல் மேலே இருக்கும்படி கம்பி வலையில் வையுங்கள். தோல் முழுக்கக் கறுத்ததும் உள்ளே கூழாகியிருக்கும். கீறலுக்குள் கொஞ்சம் வெண்ணெய், கொஞ்சம் சர்க்கரை, ஒரு துளி உப்பு. தோல்தான் கிண்ணம், கரண்டி போதும். அன்னாசியை விரல் கனத்துக்கு வில்லை போட்டு, சர்க்கரையும் மிளகுத்தூளும் தொட்டு வையுங்கள். ஒரே ஒரு முறை திருப்பினால் போதும். நச்சு நச்சென்று புரட்டினால் சாறு கரிக்குப் போய்விடும். மாம்பழத்தைக் கொட்டையை ஒட்டிச் சீவி, சதையில் கட்டம் கட்டமாகக் கீறி, முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். கம்பியின் கோடு விழுந்ததும் எடுத்து எலுமிச்சை பிழியுங்கள். தர்பூசணியை நெருப்பில் காட்டாதீர்கள். பனிக்கட்டியில் புதைத்து, உப்பு தூவிக் கொடுங்கள். ஆயிற்று. இவ்வளவுதான் இனிப்பு. இதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.

அன்று ஓர் அக்கா அவரிடம் கேட்டார்கள், "இவ்வளவு கன்னிப்போன பழம் எப்படிங்க இவ்வளவு ருசி?"

அவர் சொன்னார்: "முதல் தரம்னா ருசியில முதல்னு இல்லீங்கம்மா. பத்து நாள் லாரியில போனாலும் நசுங்காது, அவ்வளவுதான். இன்னைக்கே சாப்பிடணும்னா மூணாவது குவியல்லதான் கை வைக்கணும்."

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். இதை நான் அன்றுதான் கேட்டேன், யாரோ ஒருத்தியைப் போல, மூன்றாவது வரிசையில் நின்று.

"லாரி வந்திரும் மேடம்" என்று சொல்லி அவர் கிளம்பினார். ஒரு துண்டு பழம்கூட வாயில் போடவில்லை. பட்டியலில் பழ இனிப்புக்கு நேரே இருந்தது என் பெயர் என்பதால், அரைமணி நேரம் கழித்து என் பெயரை வாசித்தார்கள். மேடை ஏறினேன். கோப்பையை வாங்கினேன். "நன்றி" என்றேன். கைதட்டினீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்துதான் அதைத் தொட்டார். "எல்லாரும் சாப்பிட்டாங்களாம்மா பொடிசு?" என்று மட்டும் கேட்டார். தொலைக்காட்சிப் பெட்டிமேல் இடம் ஒதுக்கி வைத்தார். விரல் தடம் படாமல் துணியால் பிடித்து வாராவாரம் துடைத்தார். பக்கத்து வீட்டுக்காரர்களிடம், "பொண்ணு வாங்கினது" என்றார். கோப்பையில் பொறித்திருப்பது என் பெயர்தானே?

அதோடு முடிந்திருந்தால் என் குற்றம் ஒருநாள் குற்றம். முடியவில்லை. முன்பெல்லாம் நான் சாப்பாட்டை மறந்துவிட்டு வந்தால் அப்பா வாசலில் கொண்டுவந்து கொடுப்பார். காவலாளி அண்ணன், "அப்பா வந்தாரும்மா" என்று தூக்குப்பாத்திரத்தை நீட்டுவார். விருந்துக்குப் பிறகு முதல் தடவை மறந்தபோது அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மண்டியிலேர்ந்து ஆள் வந்தாருன்னு சொல்லச் சொன்னாரும்மா."

அண்ணே, எல்லாம் தெரிந்தும் யாரிடமும் மூச்சு விடவில்லை நீங்கள். நன்றி சொல்வதா, உங்களையும் இதில் இழுத்துவிட்டதற்கு மன்னிப்புக் கேட்பதா, தெரியவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் அப்பாவும் நானும் நின்றிருப்போம். உங்களில் யாராவது எதிரே வந்தால் அவர் இரண்டு அடி தள்ளிப்போய் வேறு பேருந்துக்கு நிற்கிறவர்போல் நிற்பார். நான் ஒரே ஒரு முறை சொன்னதை அவர் ஒரு வருடமாகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். நான் கேட்காமலே, நான் வேண்டாம் என்றும் சொல்லாமலே.

நாம் என்ன வேலை செய்கிறோம் தோழர்களே? ஒரு சொட்டுத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத கிருமியைத் தேடுகிறோம். தெளிவாக இருப்பதாலேயே தண்ணீர் நல்லது என்று நம்பாதவர்கள் நாம். அப்படிப்பட்ட கூடத்தில் இருந்துகொண்டு நான் ஸ்டிக்கரைப் பார்த்துப் பழத்தை எடை போட்டேன். செருப்பைப் பார்த்துத் தரம் பிரித்தேன். சட்டையைப் பார்த்துத் தரம் பிரித்தேன். பெற்றவரைத் தூக்கி மூன்றாவது குவியலில் போட்டேன். அவராவது பழத்தைத் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்துப் பிரிப்பார். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

இந்த ஆண்டும் அவரேதான் பழம் கொண்டுவந்திருக்கிறார். நான் என்ன பேசப்போகிறேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார். இப்போது அவர் கையிலிருக்கும் விசிறி நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கோப்பையை இதோ மேசைமேல் வைக்கிறேன். அதைத் துடைத்துப் பளபளப்பாக்கியதும் நான் இல்லை. யார் பெயரைப் பொறிப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்த தலைவர் அம்மா அவர்களுக்கும், இடையில் எழுந்து போகாத பெரியவர்களுக்கும், கேட்காமலே தண்ணீர் கொண்டுவந்து வைத்தவருக்கும் நன்றி. கரி இப்போது சரியான பதத்தில் இருக்கும், எல்லோரும் வயிறாரச் சாப்பிடுங்கள். வணக்கம்.

விளிக்க வேண்டிய சொல் ஒன்று பாக்கி என்றேன் அல்லவா? அதோடு ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. அது உங்களிடம் அல்ல.

அப்பா, நான் இறங்கி அடுப்புக்கிட்ட வரேன். எல்லாரும் பார்த்துட்டு இருப்பாங்க, கூச்சப்படாதீங்க. வந்ததும் வீட்டுல கூப்பிடற மாதிரி என்னை ஒரு தடவை கூப்பிடுங்கப்பா. இவங்க காதுல விழற மாதிரி, சத்தமா.