பாட்டிலில் வைத்துப் பார்க்காத இலை

சுவர்க்கோழிக்குப் பரங்கிக்காய் என்றால் உயிர், ஐயா. இருட்டியதும் சுவரிடுக்கிலிருந்து கத்துமே, அந்தப் பூச்சிதான். பிடிப்பதற்கு முந்தின மூன்று நாள் வேறு தீனி போடாமல் பரங்கிக்காய் மட்டும் போட்டால், பொரித்த பிறகு கசப்பே இருக்காது. எங்கள் ஊரில் இதை முதலில் செய்து பார்த்தவள் நான். இப்போது கேட்டால் எல்லோரும் சம்னியங் பெயரைத்தான் சொல்வார்கள்.

சம்னியங் என் உடன்பிறந்த தங்கை. நடுவில் ஒரு மூங்கில் வேலி, அந்தப் பக்கம் அவள் வீடு, இந்தப் பக்கம் என் வீடு.

ஆறு சிமெண்டுத் தொட்டி கட்டி இந்தத் தொழிலை ஆரம்பித்தவள் நான். பூச்சி ஒளிந்துகொள்ள அட்டை அடுக்கி, உமித் தட்டில் முட்டையிட வைத்து, எல்லாம் நானே பழகினேன். மூன்றாவது ஈட்டில் ஒரு தட்டு முட்டையைத் தங்கைக்குக் கொடுத்தேன். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பார்கள். எனக்கு மிஞ்சவில்லை, ஆனாலும் கொடுத்தேன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

தொட்டியைச் சுற்றி எறும்பு ஏறாமலிருக்க ஓடை வெட்டித் தண்ணீர் நிறுத்துவோம். ஒருநாள் என் ஓடை வற்றியிருந்தது, நான் பார்க்கவில்லை. விடிவதற்குள் ஆறு தொட்டியிலும் கால்களும் இறக்கைகளும்தான் மிச்சம். எறும்பு அவள் வேலிப் பக்கமிருந்துதான் வந்தது. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அவளுக்கோ தொட்டது துலங்கியது. ஒரு தட்டு முட்டை இருபது தொட்டி ஆயிற்று. கோன்கேன் நகரத்து வியாபாரியின் வண்டி என் வாசலைத் தாண்டிப் போய் அவள் வாசலில் நின்றது. பாங்காக்கில் கட்டட வேலை செய்துகொண்டிருந்த அவள் புருஷன், 'பூச்சியே சோறு போடும்' என்று ஊர் திரும்பிவிட்டான். என் புருஷனும் அதே பாங்காக்குக்குத்தான் போனான். ஒன்பது வருடம் ஆகிறது.

மாலையானால் அவள் கொட்டகையில் ஆண் பூச்சிகள் கத்த ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவர்கள் இரண்டு பேரும் சிரிப்பது கேட்கும். சந்தையில் மீன் விற்கிறவள்கூடக் கேட்டாள்: "என்ன லமாய், தங்கச்சி வீட்டுப் பூச்சி கச்சேரி பண்ணுது, உன் வீட்டுப் பூச்சி ஊமையாப் போச்சா?" சந்தையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

தை பிறந்த சமயம் ஒருநாள் சம்னியங் வேலியோரம் வந்து நின்றாள்.

"அக்கா, சும்மாத்தானே இருக்கே? வந்து அட்டையெல்லாம் தட்டிக் குடேன். அக்காங்கிறதுக்காக சும்மா வேலை வாங்க மாட்டேன், கூலி குடுத்துடறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "கூலியெல்லாம் எதுக்குடி? என் கொல்லையில மரவள்ளி கெடக்கு, தெனம் தழை அறுத்துத் தரேன்" என்றேன்.

வெளித் தழை எது வந்தாலும் எங்கள் ஊரில் நேரே தொட்டியில் போடமாட்டார்கள். ஒரு பாட்டிலில் இரண்டு பூச்சியை விட்டு, அந்தத் தழையைப் போட்டு, மாலைவரை வைத்துப் பார்ப்பார்கள். வயலில் மருந்தடித்த தழையாக இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். மாமியார் கொண்டுவந்த தழையைக்கூடச் சம்னியங் அப்படித்தான் பார்த்தாள். என் தழைக்கட்டைப் பிரிக்கும்போது மட்டும், "அக்கா தழைக்கு எதுக்குப் பாட்டில்?" என்று சொல்லி அப்படியே போட்டாள். மூன்று மாதம் போட்டாள். ஒன்றும் ஆகவில்லை, நான் நல்ல தழைதான் கொடுத்தேன்.

சித்திரையில் வருகிற தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம் கொடுத்த கட்டைப் பற்றித்தான் நீங்கள் கேட்கிறீர்கள். அந்தச் சத்தம் ஒருநாளாவது நிற்க வேண்டும் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை. வயலுக்கு அடிக்கிற மருந்து வீட்டில் இருந்தது.

மறுநாள் காலை அவள் கொட்டகையில் சத்தமே இல்லை. சம்னியங் தொட்டிக்குள் கையை விட்டு அள்ளி அள்ளிப் பார்த்து அழுதாள். புருஷன் கோன்கேனுக்குப் போயிருந்தான். நான்தான் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"வெயிலுடி. போன வருஷம் கோடையில எத்தனை பேருக்குச் செத்துது, மறந்துட்டியா? ஈரச் சாக்கு போட்டிருக்கணும்."

"சாக்கு போட்டேனே அக்கா."

"பத்தலை."

வெயிலில் செத்ததை நாங்கள் வீணாக்குவதில்லை. ஆனாலும் அவள், "இதை விக்க மாட்டேன்க்கா. அடுத்தவங்க தட்டுல போட மனசு வரலை. நம்ம வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் பொரிக்கிறேன்" என்றாள். அவ்வளவு நேர்மையானவள். எனக்கு அவளிடம் பிடிக்காததும் அதுதான்.

எங்கள் வழக்கத்தில் முதல் தட்டு மூத்தவள் வீட்டுக்கு வரும். எலுமிச்சை இலை போட்டுப் பொரித்து, மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நீ சாப்பிடுக்கா. நீ குடுத்த தொழில்தானே."

"காலையிலேர்ந்து நீ பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை. மொதல்ல நீ சாப்பிடு. வாயைத் தொற" என்றேன்.

சின்ன வயதில் அம்மா வயலுக்குப் போனபிறகு நான்தான் அவளுக்கு ஊட்டுவேன். அதே மாதிரி வாயைத் திறந்தாள். முழுத் தட்டையும் என் கையால் ஊட்டினேன். மறுநாள் விடிவதற்குள் அவள் உயிர் போய்விட்டது.

என் ஜன்னலில் ஒரு பாட்டில் கிடைத்தது என்கிறீர்கள். ஆமாம், செத்த இரண்டு பூச்சியும் வாடிய தழையும். அதில் மறைக்க ஒன்றுமில்லை. அந்தக் கட்டை அவளிடம் கொடுப்பதற்கு முன்னால் நான் சோதித்துப் பார்த்தேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

ஊட்டும்போது தெரியுமா என்று மறுபடி கேட்கிறீர்கள். முதல் கவளத்திலிருந்தே தெரியும், ஐயா. கடைசிக் கவளம்வரை தெரியும்.

எல்லாவற்றையும் நீங்கள் எழுதிக்கொள்ளலாம், நான் கையெழுத்துப் போடுகிறேன். பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த முதல் தட்டு முட்டை என்னுடையது.